சதுரகிரி: காட்டாற்று வெள்ள அபாயமும் மலைப்பயணமும்

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள சதுரகிரியில், சுந்தரமகாலிங்கம் கோயிலுக்குச் செல்லும் பாதையின் முதன்மை அபாயம் திடீர் வெள்ளம். அடிவாரமான தாணிப்பாறையிலிருந்து புறப்படும் பாதை, மாங்கனி ஓடை போன்ற பல ஓடைகளைக் குறுக்கே கடக்கிறது. கோடையில் இவை வெறும் பாறைப் படுகைகள். செங்குத்தான பாறைச் சரிவில் மழைநீர் ஊறி நிற்க இடமில்லாததால், உச்சியில் கொட்டும் மழை சிறிது நேரத்தில் ஓடையில் பாய்கிறது. அடிவாரத்தில் அப்போதும் வெயில் அடிக்கலாம்.

2015 மே மாதம் அமாவாசையை ஒட்டிச் சென்ற பக்தர்கள் இத்தகைய வெள்ளத்தில் சிக்கினர், பலர் உயிரிழந்தனர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தை மட்டும் பார்த்து அஞ்சுவோர், இது நடந்தது கோடை மழையில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், மேலிருந்து இரைச்சல் கேட்பதும் முன்னறிகுறிகள். உடனே கரையேறி மேட்டில் காத்திருக்க வேண்டும். வழுக்குப் பாறையில் முழங்கால் அளவு நீரோட்டமே ஆளைச் சாய்த்துவிடும். கைகோத்துக் கடப்பது பாதுகாப்பு என்பது தவறான நம்பிக்கை; ஒருவர் சறுக்கினால் மற்றவரும் இழுபடுவர். சிக்கியவர்களைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்பது வழக்கம்.

இப்பகுதி 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. மழை எச்சரிக்கை இருந்தால் வனத்துறை மலையேறத் தடை விதிக்கும்.