உலக்கையும் கும்மியும்: வளர்ந்த மகளிரின் கூட்டு விளையாட்டு மரபு

முன்னுரை

தமிழிலக்கியத்தில் மகளிர் விளையாட்டு என்றவுடன் ஓரை, வண்டல், கழங்கு, பந்து, ஊசல் ஆகியவை நினைவுக்கு வருகின்றன. இவற்றை ஆடுவோர் பெரும்பாலும் மணமாகாத இளமகளிரே. பெண்பாற் பிள்ளைத்தமிழும் அம்மானை, நீராடல், ஊசல் ஆகிய பருவங்களோடு நிறைவுறுகிறது. எனவே மணத்தோடு பெண்ணின் விளையாட்டு முடிந்துவிட்டது என்று கொள்வது எளிதாகிறது. மணமான பெண்களும் நடுவயதுப் பெண்களும் உடல் வியர்க்கக் கூடி ஆடிய மரபு என்னவாயிற்று என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அம்மரபு மறையவில்லை, தொழில், வழிபாடு என்னும் பெயர்களுக்குள் புகுந்து வாழ்ந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

விளையாடுவதற்குக் காரணம் தேடுதல்

உவகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கைக் கூறுகிறார். செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டும் அவற்றுள் ஒன்று. அங்கு வயது வரையறையோ ஆண், பெண் வேறுபாடோ சுட்டப்படவில்லை. வாழ்வில் அவ்வாறு இருந்ததாகத் தெரியவில்லை. நற்றிணை 68ஆம் பாடலில் தலைவி இற்செறிக்கப்பட்டிருக்கிறாள். ஆயத்தோடு ஓரையாடாமல் இளையோர் வீட்டினுள் அடைந்து கிடப்பது அறமும் அன்று, அதனால் ஆக்கமும் தேயும் என்று அன்னையிடம் பணிந்து சொல்வாரைப் பெற்றால், புதுப்புனலாட அவள் நம்மை விடுவாளோ எனத் தோழி ஏங்குகிறாள்.

இங்கு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. ஆடினால் மகிழ்ச்சி உண்டாகும் என்பதைத் தோழி காரணமாகக் காட்டவில்லை. அறத்தையும் ஆக்கத்தையும் முன்வைக்கிறாள். மகிழ்ச்சி மட்டுமே காரணமானால் அனுமதி கிடைக்காது என்பதை அவள் அறிந்திருக்கிறாள். இன்று நாற்பதைக் கடந்த ஒரு பெண் மாலையில் ஒரு மணிநேரம் வெளியே செல்ல வேண்டுமானால், மருத்துவர் நடக்கச் சொன்னார் என்றே வீட்டில் சொல்ல வேண்டியிருப்பதும் இத்தகையதே.

உலக்கைப் பாட்டு

காரணம் கேட்கப்படாத இடம் ஒன்று இருந்தது; அது உரலடி. நெல் குற்றுதல் தோள், இடுப்பு, முழங்கால் அனைத்தையும் ஒருசேர உழைக்கவைக்கும் கடும்பணி. இருவர் ஒரே உரலில் மாறிமாறிக் குற்றும்போது தாளம் பிழைத்தால் உலக்கைகள் மோதிக்கொள்ளும். ஆதலால் பாட்டு அங்கே களைப்பை மறக்கச் செய்வது மட்டுமன்று. வேலையை நடத்துவதும் அதுவே. குறிஞ்சிக்கலியின் வள்ளைப் பாட்டுகளில் ஒருத்தி தலைவனின் மலையைப் புகழ மற்றவள் அவனைப் பழிக்கிறாள். இந்தச் சொற்போரின் சுவையே கைகளை ஓயாமல் இயக்குகிறது. 43ஆம் கலியில் உலக்கைகள் யானை மருப்பாலும் சந்தன மரத்தாலும் ஆனவை. தந்த உலக்கையால் நாள்தோறும் நெல் குற்றிய வீடு எதுவும் இருந்திருக்காது. வேலையைப் புலவர் விளையாட்டாக்கியதன் அடையாளம் அது. சிலப்பதிகார வாழ்த்துக்காதை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அங்குப் புகார் மகளிர் காஞ்சி மர நிழலில் கரும்பை உலக்கையாகக் கொண்டு முத்துகளைக் குற்றுகின்றனர். தொழிலை ஆட்டம் முழுவதுமாக விழுங்கிவிட்ட இடம் இது. திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தில் இதே குற்றும் பாட்டு இறைவனுக்கு நறுஞ்சுண்ணம் இடிக்கும் பாட்டாகி, வழிபாட்டின் காப்பையும் பெறுகிறது.

கலித்தொகையில் குற்றுவோர் தலைவியும் தோழியுமே என்னும் மறுப்பு எழலாம். அது உண்மையே. ஆயினும் பந்தும் கழங்கும் போல உலக்கை மணத்தோடு கைவிடப்படும் கருவி அன்று. அதனோடு பாட்டும் தாளமும் முதுமைவரை பெண்களிடம் தங்கின.

கும்மி வட்டம்

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரங்களில் முளைப்பாரி இட்ட நாள்முதல் இரவுதோறும் பெண்கள் கும்மியடிப்பர். குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, அடி பெயர்த்து வட்டமாகச் சுற்றுவர். ஒருத்தி பாட, ஏனையோர் வாங்கிப் பாடுவர். நேரம் ஏற ஏறத் தாளம் விரைவுபெறும். வட்டத்தில் முன்வரிசை, பின்வரிசை கிடையாது. புதியவள் தவறாக அடி வைத்தாலும் அருகிலுள்ளவளைப் பார்த்துத் திருத்திக்கொள்வாள். பாட்டு மிகுதியாகத் தெரிந்தவளே தலைமை ஏற்பதால், பிற ஆடல்களில் ஒதுக்கப்படும் முதிய பெண் இங்கு முதன்மை பெறுகிறாள். தொடர்ந்து நூறுமுறை குனிந்து நிமிரச் சொன்னால் மறுக்கும் உடல், கும்மியில் அதனை எண்ணாமலே செய்துவிடுகிறது. பின்னல் கோலாட்டத்திலோ ஒருத்தியின் அடி பிழைத்தால் கயிறு சிக்கும். அச்சிக்கலும் அதனால் எழும் சிரிப்பும் ஆட்டத்தின் பகுதிகளே. பாரதியார் பெண் விடுதலையைப் பாடக் கும்மியைத் தேர்ந்ததும் இங்கு நினையத்தக்கது. பெண்கள் கூடிநின்று உரக்கப் பாடுவதற்கு ஏற்கெனவே இசைவு பெற்றிருந்த வடிவம் அது.

வள்ளிக் கும்மி

கொங்கு வட்டாரத்தின் வள்ளி ஒயில் கும்மி, வள்ளி முருகன் மணக்கதையைப் பாடி ஆடப்படுவது. முன்னர் இது ஆடவர் கலையாக இருந்தது. கோவைப் பகுதியைச் சேர்ந்த ஆசிரியர் பத்திரப்பன் மரபை மீறிப் பெண்களுக்கும் இதனைக் கற்பித்தார். 2024ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று ஊர்தோறும் மாலைப் பயிற்சியும் அதன் இறுதியில் அரங்கேற்றமும் நடைபெறுகின்றன. இல்லத்தரசியரும் வேலைக்குச் செல்வோரும் பள்ளி மாணவியரும் ஒரே வரிசையில் ஆடுகின்றனர்.

இந்த இசைவுக்கும் ஒரு விலை கேட்கப்பட்டிருக்கிறது. வள்ளிக் கும்மி மேடையொன்றில் தம் சாதிக்குள்ளேயே மணம் புரிவோம் எனப் பெண்களை உறுதிமொழி ஏற்கச் செய்ததாகச் செய்தி வெளிவந்து, பொதுவெளியில் கடும் விவாதம் எழுந்தது. குறவர் மகளாகிய வள்ளி முருகனை மணந்த கதையைப் பாடும் ஆட்டத்தில் இவ்வுறுதிமொழி இடம்பெற்றது எண்ணத்தக்க முரண். ஆயினும் அந்த மேடையை மட்டும் கொண்டு ஆட்டத்தை மதிப்பிடுவது, பல மாலைகள் ஆடிய பெண்களை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தவரை மட்டும் வரலாற்றில் எழுதுவதாகும். பயிற்சித் திடலில் பெண்கள் தாமாகச் சேர்க்கும் அடிகளும், இடையிடையே இட்டுக்கட்டும் கேலி வரிகளும் இன்னும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை.