எம்டன் கப்பலின் வெள்ளி நாணயங்கள்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசிக் கொளுத்தியது. பயந்துபோன மக்கள் ஊரைவிட்டு ஓடினர். சிதறிய குண்டுத் துண்டுகளைச் சிலர் பத்திரப்படுத்தினர்.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை வீழ்த்தியது. சிட்னியின் மாலுமிகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அந்நாட்டுச் செய்தித்தாள்களில் அச்சாகி, ஊரே படித்தது. எம்டனின் சிதைவில் மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. ஒரு பகுதி நாணயங்களின் தலையில் சிறு கிரீடம் பொருத்தி, போர் நடந்த நாளையும் இரு கப்பல்களின் பெயர்களையும் பொறித்துப் பதக்கமாக்கி, சிட்னி மாலுமிகளுக்கு வழங்கினர். மிச்சத்தில் சில பொதுமக்களுக்கு விற்பனையாயின.

தோற்றவர்களின் நினைவுச்சின்னம் இன்னும் நெகிழ்ச்சியானது: உயிர்தப்பிய எம்டன் மாலுமிகள் குடும்பப் பெயருடன் கப்பலின் பெயரையும் சேர்த்துக்கொள்ள ஜெர்மனி அனுமதித்தது. அந்தப் பெயர் பிள்ளைகளுக்கும் வழிவழியாகச் சென்றது.