நாவலாசிரியர் பட்ட கடன்

ஜவுளி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எழுத்தாளனுக்குக் கடன் கொடுப்பதும் ஆற்றில் போடுவதும் ஒன்று என்பது அவருடைய கட்சி. அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் வால்டர் ஸ்காட்டைச் சாட்சிக்கு அழைப்பேன்.

ஸ்காட் பெயர் போடாமலே நாவல் எழுதியவர். 1814-இல் 'வேவர்லி' வெளிவந்தது. அதன்பின் அவர் எழுதியதெல்லாம் பணமாயிற்று. ட்வீட் நதிக் கரையில் நிலம் வாங்கினார். அபட்ஸ்ஃபோர்டு என்ற மாளிகையை எழுப்பினார். பக்கத்து நிலம், அதற்கும் பக்கத்து நிலம் என்று ஆசை வளர்ந்தது. இன்னும் பெயர்கூட வைக்காத நாவல்களுக்கு முன்கூட்டியே பதிப்பாளரிடம் பணம் பேசி வாங்கினார்.

இன்னொரு ரகசியமும் இருந்தது. பள்ளித் தோழர் ஜேம்ஸ் பாலன்டைனின் அச்சகத்தில் அவர் மறைமுகமான கூட்டாளி. அச்சகத்தின் உண்டியலுக்குப் பதிப்பாளர் கான்ஸ்டபிள் கையெழுத்திடுவார். கான்ஸ்டபிளின் உண்டியலுக்கு அச்சகம் கையெழுத்திடும். சரக்கு எதுவும் கைமாறாது, காகிதம்தான் கைமாறும். 1825-இல் லண்டனில் பாங்கிகள் ஆட்டங் கண்டன. 1826 ஜனவரியில் லண்டன் புத்தகக் கம்பெனி ஒன்று விழுந்தது. அதன்மேல் சாய்ந்திருந்த கான்ஸ்டபிளும் விழுந்தார், பாலன்டைனும் விழுந்தார். ஐம்பத்துநாலு வயதில் ஸ்காட்டின் தலையில் ஏறக்குறைய 1,20,000 பவுன் கடன் வந்து இறங்கியது.

திவாலாகிவிடச் சட்டம் வழிவிட்டது. கான்ஸ்டபிளுக்குக் கடன் கொடுத்தவர்களுக்குக் கடைசியில் 20 ஷில்லிங் கொண்ட பவுனுக்கு 2 ஷில்லிங் 9 பென்ஸ்தான் கிடைத்தது. ஸ்காட்டும் அப்படிக் கையை விரித்திருக்கலாம். அவர் விரிக்கவில்லை. உதவ வந்த நண்பர்களையும் வேண்டாமென்றார். எடின்பரோ வீட்டை விற்றார். இனி எழுதிச் சம்பாதிப்பதெல்லாம் கடன் கொடுத்தவர்களுக்கே என்று தர்மகர்த்தாக்களிடம் எழுதிக் கொடுத்தார். கோர்ட்டு உத்தியோகச் சம்பளத்தில் குடும்பம் நடந்தது.

அபட்ஸ்ஃபோர்டை முந்தின வருஷமே மகனின் கல்யாணத்தின்போது அவன் பேருக்கு எழுதிவிட்டிருந்தார். ஆகவே அது தப்பியது. கடன் கொடுத்தவர்களில் சிலருக்கு இது மனத்தாங்கலாகவே இருந்தது. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அந்த வருஷம் மே மாதம் மனைவி இறந்தாள். அவர் எழுதினார். நெப்போலியன் சரித்திரம் ஒன்பது பாகங்களாக 1827-இல் வந்தது. இரண்டே வருஷத்தில் ஏறக்குறைய 40,000 பவுன் அடைந்தது. 1830-இல் பாரிச வாயு தாக்கியது. டாக்டர்கள் தடுத்தும் கேட்கவில்லை. கடன் கொடுத்தவர்களே மனமிரங்கி, அவருடைய புத்தகங்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தக் கடைசி நாவல்கள் நன்றாக இல்லை. கடனுக்கு அவர் கொடுத்த வட்டி அது. நாவலாசிரியன் என்ற முறையில் இதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 1831-இல் உடல் தேற இத்தாலிக்குப் போனார். அங்கே மதி மயங்கிய நிலையில், கடன் முழுவதும் தீர்ந்துவிட்டதாகவே நம்பினாராம். தீரவில்லை, பாதிக்கு மேல்தான் அடைந்திருந்தது. 1832 செப்டம்பரில் காலமானார். இன்ஷூரன்ஸ் பணமும் புத்தக உரிமைகளின் விலையும் சேர்ந்து, 1847-இல்தான் கணக்கு முழுக்கத் தீர்ந்தது.

பேராசையால் பட்ட கடன்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தவறே செய்யாதவனின் நாணயத்தைவிட, தவறு செய்துவிட்டுச் சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டவனின் நாணயம்தான் என்னை அதிகம் தொடுகிறது.

அதற்குக் காரணமும் உண்டு. பல வருஷங்களுக்கு முன்பு ஒரு பதிப்பாளர் நாவலுக்காக எனக்கு ஐந்நூறு ரூபாய் முன்பணம் தந்தார். நாவலை நான் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை, காலமாகிவிட்டார். போன வாரம் அவருடைய பிள்ளையிடம் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எங்கள் கணக்கிலே இப்படி ஒன்றும் இல்லையே, ஸார்!" என்றார் அவர்.

"என் கணக்கில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜவுளிக்கடை நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்துக்கு வட்டி எங்கே என்று கேட்பார்.