பெருங் கொள்கலன் கப்பல் கட்டுமானம்

தரப்படுத்தப்பட்ட அளவுகளுடைய எஃகுப் பெட்டிகளான கொள்கலன்களை அடுக்கி ஏற்றிக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசெல்வதற்கென்றே வடிவமைக்கப்படும் சரக்குக் கப்பல்களுள், ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அளவிலான அகலமும் உடையவை பெருங் கொள்கலன் கப்பல்கள் எனப்படும். இவற்றின் கொள்ளளவு, 20 அடி நீளக் கொள்கலனை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 1956 இல் அமெரிக்காவில் பயணந்தொடங்கிய ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 பெட்டிகளையே ஏற்றிச் சென்றது. 2023 இல் சீனாவில் கட்டிமுடிக்கப்பட்ட எம்எஸ்சி ஐரினா 24,346 அலகுகளை ஏற்கவல்லது. இவ்வகைக் கப்பல்கள் இன்று பெரும்பாலும் தென் கொரியா, சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளிலேயே கட்டப்படுகின்றன. டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனம் 2011 இல் தென் கொரியாவின் டேவூ நிறுவனத்திடம், கப்பலொன்றுக்கு 19 கோடி டாலர் விலையில் கட்டப் பணித்த ‘டிரிபிள் ஈ’ வரிசைக் கப்பல்கள் இக்கட்டுமானத்தை விளக்கத் தக்க எடுத்துக்காட்டாகும்.

எண்ணெய்க் கப்பலின் மேற்பரப்பு முழுவதையும் தளம் மூடியிருக்க, கொள்கலன் கப்பலின் சரக்கறைகளோ பெட்டிகளை மேலிருந்து நேரே இறக்குவதற்காக ஏறத்தாழ முழு அகலத்துக்கும் வாய்திறந்து நிற்கின்றன. இக்கப்பலைக் கட்டுவதில் எழும் இடர்ப்பாடுகளுள் பெரும்பாலானவற்றுக்கு இத்திறப்பே மூலம். மூடியில்லாத அட்டைப்பெட்டியை இரு கைகளாலும் முறுக்கினால் அது எளிதில் நெளிவதுபோல, சாய்வாக வரும் அலைகளில் இக்கப்பலின் உடலும் முறுகும். அலைமுகடு கப்பலின் நடுப்பகுதியைத் தாங்கும்போது இரு முனைகளும் தாழ்ந்து மேற்பகுதி இழுபட, அடிப்பகுதி நெருக்குண்ணும். மேலே தளம் இல்லாத குறையை ஈடுசெய்ய, பக்கச் சுவர்களின் மேல்விளிம்பிலும் சரக்கறை வாயைச் சுற்றியெழும் விளிம்புச் சுவரிலும் மிகத் தடித்த எஃகுத் தகடுகள் வைக்கப்படுகின்றன. சில கப்பல்களில் அவற்றின் தடிப்பு 10 சென்டிமீட்டரை எட்டுகிறது. இத்தகைய தகட்டில் பற்றவைப்பு இணைவிலிருந்து விரிசல் ஒன்று கிளம்பினால் அது நொடிப்பொழுதில் நெடுந்தொலைவு ஓடிவிடக்கூடும் என்பதால், ஓடும் விரிசலைத் தடுத்து நிறுத்தும் பண்புடைய தனிவகை எஃகு அவ்விடங்களில் கையாளப்படுகிறது.

இவ்வலுக் கணக்கு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 2008 இல் கட்டப்பட்ட, 8,110 அலகு கொள்ளளவுடைய மோல் கம்ஃபர்ட் என்னும் கப்பல், 2013 ஜூன் 17 அன்று இந்தியப் பெருங்கடலில் ஏமன் கரைக்கு அப்பால் நடுவே முறிந்து இரண்டாகப் பிளந்தது. அதிலிருந்த 26 பேரும் உயிர்தப்பினர். கப்பலின் இரு பாகங்களும் அடுத்தடுத்து மூழ்கின. நெருக்குண்ட அடித்தகடுகள் நெளிந்து மடங்கியதிலிருந்தே முறிவு தொடங்கியதென ஆய்வுகள் கண்டன. கப்பல்களின் வலுவைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டு நிறுவனங்கள், இதன்பின் கொள்கலன் கப்பல்களின் நெடுக்கு வலுவுக்கெனத் தனி விதிகளை வகுத்து 2016 முதல் நடைமுறைப்படுத்தின.

மரக்கலம் கட்டுவோர் முதலில் அடிநெடுக்குக் கட்டையான ஏராவை இட்டு, அதன்மேல் விலாச் சட்டங்களான வங்குகளை நிறுத்தி, பின்னரே பலகை அறைவர். எஃகுப் பெருங்கப்பலில் இவ்வொழுங்கு மறைந்துவிட்டது. கப்பல் நூற்றுக்கணக்கான கண்டங்களாகப் பிரிக்கப்பட்டு, பட்டறைகளில் ஒரே நேரத்தில் தனித்தனியே உருவாகிறது. ஆலையிலிருந்து வரும் தகடுகள் துருநீக்கப்பட்டு, காப்புப்பூச்சுப் பெற்று, கணினி இயக்கும் கருவிகளால் வெட்டப்படுகின்றன. முகப்பான அணியத்துக்கும் பின்புறத்துக்கும் வேண்டிய இருபுறமும் வளைந்த தகடுகளை உருவாக்க, தகட்டின்மேல் குறித்த கோடுகள் வழியே தீச்சுடரைச் செலுத்தி உடனே நீரூற்றிக் குளிர்விப்பர். சூடுபட்ட இடம் சுருங்குகையில் தகடு வளைந்துகொடுக்கும். எங்கே, எவ்வளவு சூடேற்றுவது என்பதைக் கண்ணும் கையும் பழகிய கைவினைஞரே நெடுங்காலமாகத் தீர்மானித்து வந்தனர், எந்திரங்கள் பெருகிய இப்பட்டறைகளில் போற்றத்தக்க திறன்களுள் இது ஒன்று. கடல்நீர் நிரப்பப்படும் நிலைப்புத் தொட்டிகளின் பூச்சு 15 ஆண்டுகள் தாங்க வேண்டுமென்பது பன்னாட்டு விதி. கூரிய விளிம்பில் பூச்சு மெலிந்து நிற்கும் என்பதால், ஒவ்வொரு விளிம்பும் பூச்சுக்கு முன் உருட்டித் தேய்க்கப்படுகிறது.

கண்டங்களுக்குள்ளேயே குழாய்களும் மின்வடத் தடங்களும் ஏணிகளும் பொருத்தப்பட்ட பின்னரே அவை உலர்துறைக்கு வருகின்றன. உலர்துறை என்பது, நீரை வெளியேற்றி அடித்தளத்தில் கப்பலைக் கட்டவும், முடிந்ததும் நீரைப் புகவிட்டு மிதக்கவிடவும் வாய்ப்புள்ள பெருந்தொட்டியாகும். கட்டுதளத்தின் விலைமதிப்பற்ற இடம் அதுவேயாதலால், பட்டறையிலேயே முடிக்கத்தக்க எவ்வேலையும் அங்கே செய்யப்படுவதில்லை. ‘டிரிபிள் ஈ’ கப்பல்கள் உருவான கோஜே தீவின் ஒக்போ கட்டுதளத்தில், 530 மீட்டர் நீளமும் 131 மீட்டர் அகலமும் உடைய உலர்துறையின் குறுக்கே நிற்கும் பாரந்தூக்கி, 900 டன் வரையிலான கண்டங்களைத் தூக்கி இறக்க வல்லது. ஏராவிடும் வழக்கம் சட்டத்தில் மட்டும் பெயரளவில் எஞ்சியுள்ளது: கப்பலுக்கு எவ்வாண்டின் விதிகள் பொருந்தும் என்பதை முடிவுசெய்வது ஏராவிட்ட நாள், அதற்கு ஈடாக, 50 டன் அல்லது மொத்தக் கட்டுமானப் பொருளில் நூற்றுக்கு ஒரு பங்கு, இவற்றுள் குறைந்தது பொருத்தப்பட்ட நாளையும் பன்னாட்டு உடன்படிக்கை ஏற்கிறது.

கண்டங்களை இணைப்பதில் எடையினும் கடினமானது அளவு. 10 டிகிரி செல்சியசு வெப்பம் ஏறினால் 400 மீட்டர் எஃகு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளும். பகலில் மேற்பகுதி மட்டும் காய்ந்து நீள்வதால், கப்பல் நடுவே மேலெழும்பி முனைகள் தாழ வில்லெனச் சற்றே வளைகிறது. எனவே, உந்துவிசிறியைச் சுழற்றும் நெடுந்தண்டுக்கு நேர்கோடு பிடிப்பது போன்ற நுண்ணிய பணிகளை இரவிலோ விடியற்குமுன்போ செய்வர். சரக்கறைக்குள் பெட்டிகள் வழுக்கி இறங்குவதற்காக நிறுத்தப்படும் செங்குத்து வழிகாட்டிக் கம்பங்களும் இத்தகைய கவனத்தையே வேண்டுகின்றன. ஒரு கம்பம் சாய்ந்தாலும் பெட்டி நடுவழியில் சிக்கிக்கொள்ளும்.

2006 இல் வெளிவந்த எம்மா மெர்ஸ்க் கப்பல், 14 உருளைகளும் ஏறத்தாழ 2,300 டன் எடையும் உடைய ஒற்றை எஞ்சினால் இயங்கியது. ‘டிரிபிள் ஈ’ வரிசையில் இரண்டு எஞ்சின்கள் இரண்டு உந்துவிசிறிகளைச் சுழற்றுகின்றன. விரைவைக் குறைத்து எரிபொருளைச் சேமிப்பதே இதன் நோக்கம். இவற்றில் மாலுமிகள் தங்கும் மேற்கட்டும் கப்பலோட்டும் மேடையும் முன்னே தள்ளியும், எஞ்சின் அறையும் புகைபோக்கியும் பின்னேயும் அமைந்துள்ளன. மேடைக்கு முன்னால் கடற்பரப்பு மறையக்கூடிய தொலைவுக்கு விதிகள் வரம்பிட்டுள்ளமையால், மேடை முன்னகர்ந்ததும் அதற்குப் பின்னால் பெட்டிகளை உயரமாக அடுக்க இடம் கிடைத்தது. இரு கட்டுகளின் கீழுமுள்ள குறுக்கு அமைப்புகள் முறுக்குக்கும் தாங்குதலாயின.

உலர்துறையில் நீர் புகுந்து கப்பல் மிதந்தபின், கரையோர மேடையருகே எஞ்சிய பணிகள் நிறைவுற, கடலோட்டச் சோதனையில் விரைவும் திருப்பமும் முழு விரைவிலிருந்து நிற்க ஆகும் தொலைவும் அளக்கப்படுகின்றன. வரிசையின் முதற் கப்பலான மெர்ஸ்க் மெக்-கின்னி மொல்லர், 399 மீட்டர் நீளமும் 59 மீட்டர் அகலமும் 18,270 அலகு கொள்ளளவும் உடையதாய், 2013 ஜூலையில் ஒப்படைக்கப்பட்டு, அம்மாதமே புசான் துறைமுகத்திலிருந்து ஐரோப்பா நோக்கித் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது.