விடுபட்ட புள்ளி

சில வருஷங்களுக்கு முன் என் சிறுகதை ஒன்றில் கதாநாயகனின் தகப்பனாருக்குப் பல் வலி வந்தது. அச்சில் ஒரு புள்ளி விழாமல் போய் அவருக்குப் ‘பல வலி’ வந்துவிட்டது. கதைப்படி அதுவும் பொய்யில்லை. ஆகவே வாசகர் யாரும் கடிதம் எழுதவில்லை. புரூப் பார்த்தவரைக் கேட்டேன். “‘பல’ என்பதும் தமிழ் வார்த்தைதானே, ஸார்? தப்பான வார்த்தையாக இருந்தால் கண்ணில் பட்டிருக்கும்” என்றார்.

அவர் சொன்னதில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பது, ஸ்வீடன் தேசத்தில் 2009-ஆம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி இரவு நடந்ததைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. அன்றிரவு அங்கேயும் ஒரு புள்ளி விடுபட்டது. ‘.எஸ்இ’ என்று முடியும் அத்தேசத்து இணையப் பெயர்கள் சுமார் 9 லட்சம், இருக்குமிடம் தெரியாமல் போயின.

கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த அடையாளம் எண்தான். பெயர் நம் சௌகரியத்துக்காக ஏற்பட்டது. ஆதியில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற ஜாபிதா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையாரின் தலைமையில் நடந்த சிறு காரியாலயம் அதை வைத்திருந்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்தால் அங்கே தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொள்வார்கள். குடும்பம் பெருகப் பெருக ஜாபிதா தாங்கவில்லை. 1983-இல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் ஒரு வழி கண்டார். கிராமத்துக் கணக்கைக் கிராமத்துக் கணக்குப்பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்குப்பிள்ளை யார் என்பது தாலுகாவுக்குத் தெரிந்தால் போதும். இந்தக் கணக்குப்பிள்ளைகளுக்குத்தான் ‘நேம் சர்வர்’ என்று பெயர்.

இவர்களுடைய ஏடுகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. பெயரின் கடைசியில் புள்ளி வைத்தால், பெயர் அத்துடன் முடிந்தது என்று அர்த்தம். வைக்காவிட்டால், ‘நம்மூர் ஆசாமிதானே!’ என்று கருதி ஊர்ப் பெயரைச் சர்வர் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஸ்வீடனில் அன்று வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. ஏட்டைத் தயாரிக்கும் புரோகிராம் கடைசிப் புள்ளியைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. ‘.எஸ்இ’ என்று முடிய வேண்டியவை ‘.எஸ்இ.எஸ்இ’ என்று முடிந்தன. விலாசத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா, தஞ்சாவூர் ஜில்லா’ என்று இருந்தால் நம் தபால்காரர் சிரித்துவிட்டுக் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டருக்குச் சிரிக்கத் தெரியாது.

வெளியிடுமுன் சோதித்துப் பார்க்காமல் இல்லை. சோதித்தும் பிடிபடவில்லை. பிடிபடாதது ஆச்சரியமுமில்லை, புள்ளியில்லாத பெயரும் இலக்கணப்படி சரியான பெயர்தான். பல் வலி, பல வலி விவகாரமேதான்!

சுமார் ஒரு மணி நேரத்தில் ஏட்டைத் திருத்திவிட்டார்கள். ஆனால் ஒரு முறை கேட்ட பதிலை ஒரு நாள் வரை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது இந்த ஏற்பாட்டின் வழக்கம். சாதாரண நாளில் அது பெரிய உபகாரம். அன்றோ, தவறான பதிலையே பல இடங்களில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மனத்தில் தைத்தது வேறொன்று. இந்தப் பெயர்களை நிர்வகித்த அதே ஸ்தாபனம், ‘டிஎன்எஸ்செக்’ என்ற பரிசோதனைக் கருவியையும் உண்டாக்கியிருந்தது. ஒரு பெயரைக் கொடுத்தால் போதும். அதற்கு இரண்டு சர்வர்களாவது உண்டா, எல்லாம் ஒரே பதிலைச் சொல்லுகின்றனவா, மேலே உள்ள கணக்கும் கீழே உள்ள கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று அது நாடி பிடித்துச் சொல்லும். ஊருக்கெல்லாம் நாடி பார்த்த வைத்தியர் வீட்டில்தான் அன்று படுக்கை விரித்தார்கள். இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. பரிசோதகர் கேட்கத் தெரிந்த கேள்விக்குத்தானே பதில் கிடைக்கும்?

கேள்வி இருந்தும் பயனில்லாமல் போனதுண்டு. 1997-ஆம் வருஷம் ஜூலை 17-ந் தேதி, அமெரிக்காவில் ‘.காம்’, ‘.நெட்’ பெயர்களின் ஏடு பழுதாகிவிட்டது. எச்சரிக்கை எழுந்தது. பணியிலிருந்தவர் அதைப் பொருட்படுத்தாமல் ஏட்டை அப்படியே வெளியே விட்டார். அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓயாமல் குரைக்கும் நாயின் வீட்டுக்காரர், திருடன் வந்த இரவும் புரண்டுதான் படுப்பார். இம்மாதிரிக் கருவியைப் பராமரிக்கிறவர்களின் பாடே இதுதான்: குரைக்க வேண்டிய இடத்தில் குரைக்கவும் வேண்டும், குரைக்கக் கூடாத இடத்தில் வாயை மூடவும் வேண்டும்.

பிற்பாடு ஸ்வீடன்காரர்களும், ‘ஸோன்செக்’ என்று ஒரு கருவி வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து, பழைய இரண்டையும் ஒதுக்கிவிட்டு ‘ஸோன்மாஸ்டர்’ என்று புதிதாக ஒன்று செய்தார்கள். செய்து முடித்தும் வேலை முடியவில்லை. பெயர்களின் பதிலுக்கு முத்திரையிடும் முறைகளில் ‘எஸ்ஹெச்ஏ-1’ என்ற கணக்கை உபயோகிப்பதும் ஒன்று. 2017-இல் இரண்டு வெவ்வேறு பத்திரங்களுக்கு அந்தக் கணக்கில் ஒரே விடை வரும்படி செய்து காட்டிவிட்டார்கள். அதன்பின், நேற்று வரை சுகம் என்றிருந்த பெயரைப் பார்த்து இன்று ‘ஜாக்கிரதை’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. பெயருக்கு உரியவரோ இடையில் எதையும் தொட்டிருக்க மாட்டார்.