“அவர் எங்கே?” என்று கேட்கும் உரிமை



மதரஸாவில் சூரா அந்நிஸாவின் 105ஆம் வசனத்தை நடத்தும்போது அதன் பின்னணியையும் சொல்வது வழக்கம். மதீனாவில் ஒரு கவசம் களவு போயிற்று. எடுத்தவர் முஸ்லிம்களுள் ஒருவராக அறியப்பட்டவர். பழியோ ஒரு யூதர் மீது சுமத்தப்பட்டது. எடுத்தவரின் குலத்தார் தம்மவருக்காகப் பரிந்து பேசினர். அந்த யூதர் குற்றமற்றவர் என்பதை வெளிப்படுத்தும் வசனங்கள் அப்போது இறங்கின என்று தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன.

குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்பே ஒருவரைக் குற்றவாளியாக நடத்தும் கொடுமைக்கு நம் கடலூர் மாவட்டத்தின் வரலாற்றிலும் சான்றுகள் உண்டு.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய சுப்பிரமணிய பாரதியார் ஆங்கிலேய எல்லைக்குள் கைது செய்யப்பட்டுக் கடலூர் சிறையில் அடைக்கப்பட்டார். வழக்கு விசாரணை ஏதும் நடைபெறவில்லை. அன்னி பெசன்ட், சி. பி. ராமசாமி ஐயர் போன்றோர் அவருக்காக முயன்றனர். டிசம்பரில் நிபந்தனைகளுடன் விடுதலை கிடைத்தது. அவருக்காகக் கேட்கச் செல்வாக்கு உடையோர் இருந்தனர். அத்தகையோர் இல்லாத எளியவரின் நிலை என்ன?

நாடு விடுதலை பெற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் அக்கேள்வி மறையவில்லை. 1992இல் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்ட ஓர் ஏழைத் தொழிலாளி அங்கேயே உயிரிழந்தார். அவருடைய மனைவி அந்நிலையத்திலேயே மானபங்கப்படுத்தப்பட்டார். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கமும் பிற இயக்கத்தினரும் வீதியிலும் நீதிமன்றத்திலும் அப்பெண்ணுக்குத் துணை நின்றனர்.

அடுத்த ஆண்டே, விருத்தாசலம் வட்டாரத்தில் நகைத் திருட்டுப் பழியின் பேரில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளியைக் கம்மாபுரம் காவல் நிலையத்தார் பிடித்துச் சென்றனர். பின்னர் அவர் தப்பியோடிவிட்டதாகக் கூறினர். மனைவி அதை நம்பவில்லை. வழக்கறிஞர் கே. சந்துருவின் வழியாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அம்மனுவின் சாரம் ஒரே கேள்விதான்: என் கணவர் எங்கே? தப்பியதாகச் சொல்லப்பட்டவர் உண்மையில் காவலில் அடிக்கப்பட்டு இறந்திருந்தார். உடல் அண்டை மாவட்டத்தில் போடப்பட்டிருந்தது. வழக்கு நீண்டது. காவலர்கள் குற்றவாளிகள் என உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. பதின்மூன்று ஆண்டுகள்! 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியது என்பதைப் பலர் அறிவர்.

இத்தகைய துயரங்கள் நாடெங்கும் நிகழ்ந்தன. 1996 டிசம்பர் 18 அன்று டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கான விதிகளை வகுத்தது. கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். உறவினருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இவையன்றி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவிலேயே உள்ளது.

அன்பர்களே, “ஊர்ப் பெரியவர்” என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் ஜமாஅத் நிர்வாகிகளும் அதில் அடங்குவர். நம் பிள்ளை பிடிக்கப்பட்டால் இரவென்றும் பாராது காவல் நிலைய வாசலில் கூடுகிறோம். அது கடமையே. ஆனால் அடுத்த தெருவின் குறவர் வீட்டுப் பிள்ளை அழைத்துச் செல்லப்பட்டால், “நமக்கு ஏன் வம்பு?” என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். யூதர் ஒருவரின் மீது விழுந்த பழியைத் துடைக்க இறங்கிய வேதத்தை ஓதுவோருக்கு அது அழகன்று.

மேற்சொன்ன விதிகளை ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். உதவி கேட்டு வருபவர் எவராயினும், ஜமாஅத்தில் இருவர் அவருடன் சென்று “அவர் எங்கே?” என்று கேட்கட்டும். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த துஆ நம் மௌனத்தையும் குறித்ததாக ஆகிவிடாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.