எழுபது மைலுக்கு முந்தைய சாலை

1964 ஜூன் 11. பொழுது புலர்ந்தும் புலராத நேரம். லண்டனிலிருந்து வடக்கே போகும் எம்-1 நெடுஞ்சாலையில் ஏ.சி. கோப்ரா கார் ஒன்று மணிக்கு 185 மைல் வேகத்தில் பறந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய 298 கிலோமீட்டர். ஓட்டியவர் ஜாக் சியர்ஸ் என்ற பந்தய வீரர். லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. தேம்ஸ் டிட்டன் என்ற ஊரில் இயங்கிய ஏ.சி. என்ற சிறு கம்பெனிக்கு, காரின் உச்ச வேகத்தைச் சோதிக்கும் அளவுக்கு நீளமான தளம் வசப்படவில்லை. பொதுச்சாலை இருந்தது. அதில் வேக வரம்பு கிடையாது. ஆகவே சியர்ஸ் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

விஷயம் பத்திரிகைகளுக்குப் போனதும் கூச்சல் எழுந்தது. மறு ஆண்டு இறுதியில் பிரிட்டன் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 70 மைல், அதாவது 113 கிலோமீட்டர் என்ற வரம்பு வந்துவிட்டது. கோப்ராவின் அந்த ஓட்டம்தான் எல்லோருடைய வேகத்தையும் பறித்தது என்று அங்குள்ள கார்ப் பிரியர்கள் இன்றும் சொல்வதுண்டு. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் அந்த வரம்பின் வேர் 1964க்கு வெகு முன்னால் போகிறது. வேகமான வண்டி வாங்கியவர் அதை அன்றாடச் சாலையில் எவ்வளவு தூரம் விரட்டலாம் என்ற வழக்கு, கார் பிறந்த நாளிலிருந்தே அந்த நாட்டில் நடந்துவருகிறது.

முதல் சாட்சி வால்டர் ஆர்னால்ட். 1896 ஜனவரியில் கென்ட் மாவட்டத்தின் பேடக் வுட் என்ற ஊர் வழியாக அவர் தன் காரை ஓட்டிப் போனார். ஊருக்குள் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 2 மைல். அவர் போனதோ 8 மைல். சைக்கிளில் துரத்திய போலீஸ்காரர் அவரைப் பிடித்தார். வேகத்துக்கான அபராதம் ஒரு ஷில்லிங். நீராவி இழுவை வண்டிகளை மனதில் வைத்து 1865இல் எழுதிய சட்டம் அப்போது காருக்கும் பொருந்தியது. வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. தொடக்கத்தில் அந்த ஆள் கையில் சிவப்புக் கொடியும் இருந்தாக வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் சட்டம் தளர்ந்தது. நவம்பர் 14ஆம் தேதி லண்டனில் காலை விருந்து வைத்து, சிவப்புக் கொடியைக் கிழித்துப் போட்டுவிட்டு, கார்க்காரர்கள் பிரைட்டன் வரை ஊர்வலமாகப் போனார்கள். 1903இல் வரம்பு 20 மைலாக உயர்ந்தது. அந்த ஆண்டின் வண்டிகளே அதைப் போல மும்மடங்கு வேகம் போகக்கூடியவை. மே மாதம் நடந்த பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில், வேலி எதுவும் இல்லாத மண் சாலையில், ஃபெர்னாண்ட் கேப்ரியேல் சராசரியாக மணிக்கு 105 கிலோமீட்டர் ஓட்டினார். வழியெங்கும் விபத்துகள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஓட்டியவர்களும் செத்தார்கள். ரெனோ கம்பெனியை நிறுவிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் உயிரிழந்தார். பந்தயத்தை போர்தோ நகரிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பிரிட்டனில் பொதுச்சாலையில் பந்தயம் நடத்த சட்டம் இடம் தரவில்லை. எனவே வசதி படைத்த கார்க்காரர்கள் அன்றாடச் சாலையிலேயே தங்கள் வேகத்தைப் பார்த்தார்கள். போலீசார் வேலி மறைவில் கடிகாரத்தோடு காத்திருந்து பிடித்தார்கள். இந்தப் பொறிகளிலிருந்து தப்புவதற்காகவே 1905இல் ஒரு சங்கம் தோன்றியது. இன்று பழுதான வண்டிகளுக்கு உதவும் பெரிய நிறுவனமாக உலகம் அறிந்த ஆட்டோமொபைல் அசோசியேஷன்தான் அது. சங்கத்தின் ஆட்கள் சைக்கிளில் சாலையோரம் ரோந்து போவார்கள். முன்னால் போலீஸ் இருந்தால் வருகிற கார்க்காரருக்குச் சைகை காட்டுவார்கள்.

1910இல் இது நீதிமன்றம் ஏறியது. வேகமாக வருபவரை எச்சரிப்பது போலீசின் கடமைக்கு இடையூறு செய்வதாகும் என்று தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டோன் தீர்ப்பளித்தார். சங்கம் சளைக்கவில்லை. உறுப்பினர் காரைக் கண்டால் ரோந்து ஆள் சல்யூட் அடிப்பது ஏற்கனவே இருந்த வழக்கம். இனி அவர் சல்யூட் அடிக்காவிட்டால், வண்டியை நிறுத்தி ஏன் என்று கேளுங்கள் என உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். சல்யூட் அடிக்கவில்லை என்பதற்காக ஒருவரை எந்த நீதிமன்றமும் தண்டிக்க முடியாது! அந்தச் சல்யூட் 1960களின் தொடக்கம் வரை நீடித்தது. மரியாதைக்குரிய கனவான்கள் ஒன்றுகூடி, சந்தா கட்டி, ஆள் வைத்துச் சட்டத்தைச் சுற்றிப் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வேகம் அவர்களுக்கு உரிமையாகவே தோன்றியது. அந்தச் சாலைப் புழுதியில் நடந்து போனவருக்குச் சங்கம் எதுவும் இல்லை.

வேகத்துக்குத் தனி இடம் வேண்டும் என்று முதலில் உணர்ந்து பணத்தையும் போட்டவர் ஹியூ லாக் கிங். வெய்பிரிட்ஜ் அருகே தன் சொந்த நிலத்தில், ஓரங்கள் சரிந்து உயர்ந்த கான்கிரீட் தளமாக புரூக்லேண்ட்ஸை அவர் கட்டினார். 1907இல் திறக்கப்பட்ட அதன் சுற்று இரண்டே முக்கால் மைல். கார் ஓட்டத்துக்கென்றே கட்டிய முதல் தளம் அது. ஆனாலும் தளத்தில் பழகிய கை, வீடு திரும்பும் வழியில் சும்மா இருக்கவில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் ஸ்போர்ட்ஸ் கார் என்ற சரக்கு கடைக்கு வந்தது. மேல்தட்டுக்கு பென்ட்லி, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எம்.ஜி. பென்ட்லி கம்பெனியின் தலைவராகவும் அதன் பந்தய வீரராகவும் இருந்த வூல்ஃப் பர்னாட்டோ, கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் பொருள் குவித்தவரின் மகன். 1930 மார்ச்சில் பிரான்சின் தென்கோடியில் உள்ள கான் நகரில் ஒரு பந்தயம் கட்டினார். புளூ டிரெயின் என்ற சொகுசு ரயில் கலே துறைமுகத்தை அடையும் முன், தான் லண்டனில் தன் கிளப்பில் இருப்பேன் என்பது பேச்சு. மழை, பனி, ஒரு பஞ்சர் எல்லாவற்றையும் தாண்டி, இரவு முழுவதும் பென்ட்லியை ஓட்டி, கடலைக் கப்பலில் கடந்து, சொன்னபடியே போய்ச் சேர்ந்தார். ரயிலை வென்றது வெறும் நான்கு நிமிடத்தில். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டியதாகச் சொல்லி பிரெஞ்சு அதிகாரிகள் அபராதம் போட்டார்கள். விளம்பரத்தோடு ஒப்பிட்டால் அது பென்ட்லிக்குச் சில்லறைக் காசு.

எம்.ஜி. வாங்கியவர்களின் கதை வேறு. 1932இல் வந்த ஜே-2 மாடலின் விலை 200 பவுனுக்குச் சற்றுக் குறைவு. ‘தி ஆட்டோகார்’ இதழ் அதைச் சோதித்து, மணிக்கு 80 மைலைத் தாண்டுவதாக எழுதியது. சோதனைக்குப் போன வண்டி தனியாக மெருகேற்றப்பட்டது என்பது வாசகருக்குத் தெரியாது. வாங்கியவர்கள் எல்லோரும் அந்த 80ஐத் தங்கள் வண்டியிலும் பார்க்கத் துடித்தார்கள். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தினார்கள். இரண்டே பேரிங்குகள் தாங்கிய கிராங்க் ஷாஃப்ட் அந்த அழுத்தத்தில் முறிந்துபோனது. உரிமையாளர் தன் காரை எவ்வளவு கடுமையாக ஓட்டினார் என்பதற்கு ஒர்க்ஷாப்பில் கிடந்த அந்தத் துண்டுகளை விட நேரடியான சான்று தேவையில்லை.

அதே காலத்தில் சட்டம் ஒரு விசித்திரமான சோதனையைச் செய்து பார்த்தது. யாரும் மதிக்காத 20 மைல் வரம்பு எதற்கு என்று 1930இல் கார்களுக்கான வரம்பையே எடுத்துவிட்டார்கள். 1934இல் சாலையில் இறந்தவர்கள் 7,343 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நடந்து போனவர்கள். இன்றைய வண்டிகளில் சிறு பங்கு மட்டுமே ஓடிய நாட்டில் இந்தச் சாவு. போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா 1935இல் ஊர்ப்பகுதிகளில் 30 மைல் வரம்பையும், புதிதாக ஓட்ட வருபவருக்குக் கட்டாயத் தேர்வையும் கொண்டுவந்தார். ஊருக்கு வெளியே சாலை திறந்தே கிடந்தது.

அந்தத் திறந்த சாலையின் கணக்கு எவ்வளவு கொடியது என்பதை 1959 ஜனவரி 22ஆம் தேதி காட்டியது. மைக் ஹாதார்ன் 1958இல் ஃபெராரி ஓட்டி உலகப் பட்டம் வென்றவர். பட்டம் வென்ற முதல் பிரிட்டிஷ்காரர். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவருடைய நெருங்கிய நண்பர் பீட்டர் காலின்ஸ் நியூர்பர்கிரிங் பந்தயத்தில் இறந்தார். அந்தத் துயரத்தில், பருவம் முடிந்ததும் ஹாதார்ன் பந்தயத்தை விட்டே விலகினார். உயிரோடு விலகிவிட்டார் என்று எல்லோரும் நிம்மதி கொண்டிருக்க வேண்டும். ஃபார்ன்ஹமில் சொந்த கராஜ், திருமணத் திட்டம், 29 வயது.

அன்று மழையும் காற்றும். கில்ட்ஃபோர்டு புறவழிச்சாலையில் தன் 3.4 லிட்டர் ஜாகுவாரில் லண்டன் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். ஒன்றில் ராப் வாக்கர். பந்தய அணி ஒன்றின் சொந்தக்காரர், நண்பர். ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஹாதார்ன் முந்தினார். ஈரச்சாலையில் ஜாகுவார் சறுக்கிச் சுழன்று, எதிர்ப் பக்கம் போன லாரியில் உரசி, மரத்தில் மோதியது. அங்கேயே உயிர் போயிற்று.

வேகமாக ஓட்டுபவர்களின் நிரந்தர வாதம் ஒன்று உண்டு: எனக்கு ஓட்டத் தெரியும். உலகிலேயே மிக நன்றாக ஓட்டத் தெரிந்தவர் என்று அந்த நாளில் பட்டம் வைத்திருந்தவரே ஒரு புறவழிச்சாலையில், ஒரு சாதாரண வியாழக்கிழமையில் செத்தார். திறமை அவரிடம் குறையவில்லை. ஓரத்தில் மரமும் எதிரே லாரியும் இல்லாத பந்தயத் தளத்தில் அதே சறுக்கல் நடந்திருந்தால், அவர் இறங்கித் துணியைத் தட்டிக்கொண்டு நடந்திருக்கக்கூடும்.

அந்த ஆண்டே நவம்பர் 2ஆம் தேதி எம்-1 திறந்தது. வேக வரம்பு இல்லை, விளக்கு இல்லை, எதிரெதிர் திசைகளுக்கு நடுவே தடுப்பும் இல்லை. திறந்துவைத்த அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ், வண்டிகள் போன வேகத்தைப் பார்த்து அங்கேயே அதிர்ந்துபோனார். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் மட்டும் இப்படி ஓட்டவில்லை. அலுவலகம் போகும் குடும்பக் கார்களும் தொடர்ந்து முழு வேகத்தில் ஓடி, எஞ்சின் கொதித்து, ஓரத்தில் வரிசையாக நின்றன. 1961இல் ஜாகுவார் இ-டைப் வந்தது. 150 மைல் போகும் என்று விளம்பரமான வண்டி, ஏறக்குறைய 2,100 பவுனுக்கு. அந்த வேகத்தை நாட்டில் சட்டப்படி தொட்டுப் பார்க்கக்கூடிய பொதுச்சாலை வாசலிலேயே இருந்தது. அந்த வரிசையில் வந்த ஒருவர்தான் 1964இன் ஜாக் சியர்ஸ். அதே கோப்ரா சில நாள் கழித்து லெ மான்ஸில் விபத்தில் சிக்கியது. நிற்கக் கூடாத இடத்தில் நின்ற மூன்று பார்வையாளர்கள் அதில் இறந்தார்கள்.

ஆனால் அமைச்சகத்தின் கையை அசைத்தது 1965 இலையுதிர்காலத்து மூடுபனி. கண் தெரியாத பனியில் வேகம் குறைக்காமல் போன வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி, நெடுஞ்சாலைகளில் அடுக்கடுக்காக விபத்துகள் நடந்தன. அமைச்சர் டாம் ஃபிரேசர் டிசம்பர் 22ஆம் தேதி முதல் நான்கு மாதச் சோதனையாக 70 மைல் வரம்பை அறிவித்தார். சோதனை நீண்டது. அவருக்குப் பின் வந்த பார்பரா காசில் 1967இல் அதை நிரந்தரமாக்கினார். அவர் கார் ஓட்டாதவர். கார் ஓட்டத் தெரியாத பெண் எங்களுக்கு வேகம் சொல்வதா என்று வசை எழுந்தது. 1966இல் சாலையில் இறந்தவர்கள் 7,985 பேர் என்ற கணக்கு அவர் மேசையில் இருந்தது. அவர் அசையவில்லை. இந்தக் கதையில் வரும் ஓட்டுநர்கள் எல்லோரையும் விடத் துணிச்சல் மிக்கவராக அவரையே சொல்ல வேண்டும்.

வரம்பு வந்தபின் போலீசின் பழைய கடிகாரப் பொறியும் வேறு வடிவில் திரும்பியது. 1992இல் லண்டன் ட்விக்கன்ஹம் பாலத்தில் பிரிட்டனின் முதல் வேகக் கேமரா வந்தபோது அதன் பெயர் கேட்சோ. கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் மோரிஸ் கேட்சோனிடிஸ், 1953இல் மான்டி கார்லோ ராலியை வென்றவர். வளைவுகளில் தான் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று அளந்து, இன்னும் வேகம் கூட்டவே அந்தக் கருவியை உருவாக்கினார். அது கடைசியில் மற்றவர்களின் வேகத்தை அடக்கும் கருவியானது.

வேகத்துக்குத் தனி இடம் வேண்டும் என்ற முடிவுக்கு ஐரோப்பாவில் மற்ற நாடுகளும் வெவ்வேறு வழியில் வந்தன. ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் பொதுச்சாலைகளில் நடந்துவந்த பந்தயங்களுக்கு மாற்றாக 1927இல் நியூர்பர்கிரிங் திறக்கப்பட்டது. இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதன் வடக்குச் சுற்றில், பந்தயம் இல்லாத நாளில் கட்டணம் கட்டி யாரும் தங்கள் சொந்தக் காரை ஓட்டலாம். இத்தாலி பொதுச்சாலையில் மில்லே மில்யா பந்தயத்தை விடாப்பிடியாக நடத்தியது. 1957இல் குய்டிஸோலோ அருகே ஒரு ஃபெராரி கூட்டத்தில் பாய்ந்து, வீரர்கள் இருவரோடு பார்வையாளர்கள் ஒன்பது பேரைக் கொன்றது. அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அதன்பின் அந்தப் பந்தயம் வேகப் பந்தயமாக நடக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் பந்தயக்காரர்கள் ராணுவம் கைவிட்ட விமான ஓடுதளங்களுக்குப் போனார்கள். சில்வர்ஸ்டோன் அப்படி உருவானது. சென்னையிலும் அதுவே நடந்தது. போர்க்கால விமானத்தளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களிலிருந்து பந்தயம் நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தளத்தைக் கட்டியது. 1990 முதல் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன.

2023இல் பிரிட்டனில் சாலையில் இறந்தவர்கள் 1,624 பேர். வண்டிகளோ 1966ஐப் போலச் சுமார் மூன்று மடங்கு. வரம்பு மட்டும் இதைச் சாதிக்கவில்லை. சீட் பெல்ட், மது சோதனை, நடுத்தடுப்பு, நல்ல டயர் எல்லாம் சேர்ந்துதான். நம் நாட்டில் 2022இல் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்தில் ஏழு பேரின் சாவுக்கு அரசுக் கணக்கு காட்டும் காரணம் அதிவேகம். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு விலையுயர்ந்த வண்டியோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த நேரத்தில் அங்கே மீன் கூடையோடு ரோட்டைக் கடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டியின் முழு வேகத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால், இருங்காட்டுக்கோட்டைக்கு எடுத்துப் போங்கள்.